கோப்புச் சுருக்கம்: நான்கு பள்ளிகள், ஓர் உரைகல்

கணினிக் கோப்புகளைச் சுருக்கும் கலைக்கு வயது முக்கால் நூற்றாண்டு. 1948இல் கிளாட் ஷானன் தகவலுக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். ஒரு செய்தியில் அடுத்து வரப்போவது எவ்வளவு எதிர்பாராததோ அவ்வளவுதான் அதில் தகவல், மற்றதெல்லாம் மிகை. மிகையைக் கழிக்கலாம், தகவலில் கைவைக்க முடியாது. பிறகு எத்தனை பள்ளிகள் தோன்றியும் இந்தக் கோட்டைத் தாண்டியவர் இல்லை. தாண்டிவிட்டோம், எந்தக் கோப்பையும் சுருக்கித் தருவோம் என்று சொன்னவர்கள் அவ்வப்போது வந்து போனதுண்டு. எதையும் சுருக்க முடியுமென்றால் சுருக்கியதையே மறுபடி மறுபடி சுருக்கி ஒரே பிட்டில் கொண்டுவந்து நிறுத்தலாமே என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை போலும்.

1951இல் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஃபானோ தம் மாணவர்களிடம், தேர்வு எழுதுங்கள் அல்லது ஒரு கணக்குக்கு விடை கண்டு கட்டுரை தாருங்கள் என்றார். எழுத்துகளை மிகக் குறைந்த பிட்டுகளில் குறிப்பது எப்படி என்பதே கணக்கு. அதற்கு அதுவரை யாரும் முழு விடை காணவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் கண்டுவிட்டார். ஆசிரியர் மேலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டு போன குறியீட்டு மரத்தை இவர் கீழிருந்து கட்டினார்: மிக அரிதாக வரும் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கு, மீண்டும் மிக அரிதான இரண்டைச் சேர், ஒன்றே மிஞ்சும்வரை தொடர். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குட்டிக் குறியும் அரிதானதற்கு நீளக் குறியும் தாமாகவே அமைந்துவிடும். 1952இல் அச்சேறிய இந்த முறை இன்றைய ஜிப் கோப்பிலும் ஜேபெக் படத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹஃப்மன் வழி எழுத்தை எண்ணும். ஒரு தொடர் அப்படியே திரும்ப வருவதைக் கவனிக்காது. அதைக் கவனித்தவர்கள் இஸ்ரேலின் ஹைஃபா நகரத்து டெக்னியானைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பெலும் ஜேக்கப் ஸிவும். 1977, 1978 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இரண்டு கட்டுரைகள். அவற்றிலிருந்து இரண்டு கிளைகள். முதலாவது பின்னோக்கிக் கைகாட்டும்: இரண்டாயிரம் எழுத்துக்கு முன்னால் வந்ததே, அங்கிருந்து பன்னிரண்டை எடுத்துக்கொள் என்று மட்டும் எழுதிவைக்கும். இரண்டாவது, படிக்கப் படிக்க ஓர் அகராதியைத் தானே வளர்த்துக்கொண்டு அதன் வரிசை எண்ணை எழுதும். திறப்பவரும் அதே அகராதியை அதே வரிசையில் வளர்த்துக்கொள்வதால் அகராதியைத் தனியாக அனுப்ப வேண்டியதில்லை. சுருக்க மரபில் இதைவிட அழகான யோசனையை நான் கண்டதில்லை.

ஆனால் அழகான கிளைதான் அடிபட்டது. டெர்ரி வெல்ச் 1984இல் அதைச் செப்பனிட்டுத் தந்தார். யுனிக்ஸின் கம்ப்ரெஸ் நிரலும் 1987இல் வந்த ஜிஃப் படக்கோப்பும் அதை எடுத்துக்கொண்டன. காப்புரிமை யுனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. 1994 கடைசியில், ஜிஃப் எழுதும் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பிஎன்ஜி படக்கோப்பு. அமெரிக்கக் காப்புரிமை 2003இல் காலாவதியானபோது ஆட்டம் முடிந்திருந்தது; எல்லோரும் 1977 கிளைக்கு மாறிவிட்டிருந்தார்கள்.

அந்தக் கிளையை ஊரெல்லாம் கொண்டுசேர்த்தவர் மில்வாக்கியைச் சேர்ந்த ஃபில் கட்ஸ். டாஸ் காலத்தில் ஆர்க் என்ற கட்டு வடிவம் புழக்கத்தில் இருந்தது. கட்ஸ் அதைவிட வேகமான நிரல் எழுதினார். ஆர்க்கின் சொந்தக்காரர்கள் 1988இல் வழக்குப் போட்டார்கள். வழக்கு சமரசத்தில் முடிய, அவர் புதிதாக ஜிப் என்ற வடிவத்தை அமைத்து 1989இல் வெளியிட்டார். அதைவிட முக்கியம், எந்த பைட்டில் என்ன இருக்கிறது என்ற விவரத்தையும் யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார். 1993இல் அதில் சேர்ந்த டிஃப்ளேட், லெம்பெல்-ஸிவின் பின்னோக்கும் முறையையும் ஹஃப்மன் மரத்தையும் அடுத்தடுத்து ஓட்டுகிறது. ஜீன்-லூ கெய்லியும் மார்க் ஆட்லரும் எழுதிய ஜிசிப், இணையத் தரமான ஆர்.எஃப்.சி. 1951, பிஎன்ஜி எல்லாம் அதே டிஃப்ளேட்தான். வேர்டு ஆவணமும் எக்செல் தாளும் மின்னூலும் ஆண்ட்ராய்டு செயலியும் உள்ளுக்குள் ஜிப்பே. கட்ஸ் 2000இல் 37 வயதில் இறந்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளான பிகே இன்றும் அந்தக் கோப்புகளின் தொடக்கத்தில் நிற்கின்றன.

மற்ற இரண்டு பள்ளிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். உரையின் எல்லாச் சுழற்சிகளையும் அகரவரிசைப்படுத்தினால் ஒரே மாதிரி எழுத்துகள் கூட்டமாக வந்து சேரும், அதிலிருந்து மூல உரையை மீட்கவும் முடியும் என்று டேவிட் வீலர் 1983இல் கண்டார். மைக்கேல் பரோஸுடன் சேர்ந்து வெளியிட்டது 1994இல். ஜூலியன் சீவர்டின் பிசிப்2 நிரல் அதன் பிள்ளை. நான்காவது பள்ளி ஜோதிடம் பார்ப்பது: முன் வந்த சில எழுத்துகளைக் கொண்டு அடுத்ததை ஊகிப்பது. கிளியரியும் விட்டனும் 1984இல் தொடங்கியது. மாட் மஹோனியின் பாக் நிரல் வரிசை அதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. ஆங்கில விக்கிப்பீடியாவின் ஒரு பகுதியைச் சுருக்குபவருக்கு 2006 முதல் ஹட்டர் பரிசு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே இந்தப் பள்ளிக்குத்தான் வெற்றி. வேகம் மட்டும் கேட்கக் கூடாது.

இவற்றை எடைபோடப் பொதுவான கோப்புத் தொகுப்புகள் உண்டு. கால்கரி தொகுப்பில் தாமஸ் ஹார்டியின் நாவல் ஒன்று இருக்கிறது. கேன்டர்பரி தொகுப்பில் ஆலிஸின் அற்புத உலகம். அளப்பது பெரும்பாலும் எவ்வளவு சிறிதானது என்பதை. என் கணக்கு வேறு: கட்டுவது ஒருமுறை, பிரிப்பது பல முறை, அதுவும் முன்பின் தெரியாதவர்கள். ஆகவே பிரிப்பவர் படும் பாட்டைத்தான் அளக்க வேண்டும். ஆர்ச் லினக்ஸ் இயங்குதளக் குழுவினர் தங்கள் மென்பொருள் பொதிகளை எக்ஸ்இசட் என்ற சுருக்க வடிவத்திலிருந்து யான் கொலே உருவாக்கிய இசட்-ஸ்டாண்டர்டுக்கு மாற்றினார்கள். அளவு ஒரு விழுக்காடுகூட ஏறவில்லை. திறக்கும் வேகமோ பல மடங்கு கூடியது.

இந்த உரைகல்லில் தார் என்ற யுனிக்ஸ் வடிவம் பாதிதான் தேறும். நாடாவில் சேமிப்பதற்காக 1979இல் வந்த அது சுருக்காது, கட்டும். சுருக்குவது இன்னொரு நிரலின் வேலை. அதனால் நடுவிலுள்ள ஒரு கோப்பு வேண்டுமென்றாலும் தலையிலிருந்து பிரித்துக்கொண்டே வர வேண்டும். ஜிப் ஒவ்வொரு கோப்பையும் தனியாகச் சுருக்கிக் கடைசியில் பட்டியல் வைக்கிறது. ரஷ்யாவின் யெவ்கேனி ரோஷல் தந்த ரார், சேதமானால் சரிசெய்யக் கூடுதல் தரவு வைக்கும் நல்ல வழக்கத்தைக் கொண்டது. ஆனால் பிரிக்கும் நிரலின் மூலத்தைக் கொடுத்துவிட்டு, அதைக் கொண்டு சுருக்கும் முறையை மறுபடி உருவாக்கக் கூடாது என்று உரிமத்தில் தடுக்கிறது. இகோர் பாவ்லோவின் செவன்-ஜிப் அப்படித் தடுக்கவில்லை.

தமிழுக்கு இதில் தனிக் கணக்கு இருக்கிறது. யூ.டி.எஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லுக்கே 15 பைட். ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதும் இரண்டில் ஒன்று. ஷானன் கோட்டின்படி இது பெரும்பாலும் மிகை. எந்தப் பள்ளியும் எளிதாகக் கழித்துவிடும். உலாவிகளுக்காக கூகுள் தந்த பிராட்லி ஆறு மொழிச் சொற்களைக் கொண்ட ஆயத்த அகராதியுடன் வருகிறது. அதில் இந்தி உண்டு, தமிழ் இல்லை.

உள்ளடக்கத்துக்கு ஆபத்தில்லை, பெயருக்குத்தான் ஆபத்து. ஜிப்பில் கோப்புப் பெயர்கள் முதலில் ஐ.பி.எம்.மின் பழைய எழுத்து அட்டவணையைச் சார்ந்திருந்தன. பெயர் யூ.டி.எஃப்-8இல் உள்ளது என்று சொல்லும் கொடி 2006இல்தான் விவரக்குறிப்பில் ஏறியது. கொடி போடாத நிரலில் கட்டிய தமிழ்ப் பெயர்கள் வேறு கணினியில் கோடும் கட்டமுமாக வரும். பழைய நூல்களை வருடிச் சேர்த்து வைப்பவர்கள் சாதாரண டிஃப்ளேட் ஜிப்பில், ரோமன் எழுத்திலோ எண்ணிலோ பெயரிட்டு, தமிழ்த் தலைப்புகளைத் தனியே ஓர் உரைக்கோப்பில் எழுதி உள்ளே போடுவது நல்லது.