ஆன்லைன் அலமாரியில் பட்டுச் சேலை

தொட்டுப் பார்க்காமல் யாரும் சேலை வாங்கமாட்டார்கள் என்ற கணிப்பு பொய்த்துவிட்டது. நிறம், விலை, நெசவு என்று சலித்து, ஆயிரக்கணக்கான சேலைகளிலிருந்து இருபதை மட்டும் கண்முன் நிறுத்துவது எந்தப் பெரிய ஜவுளிக் கடைக்கும் ஆகாத காரியம். ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்ற வரிசையும் உண்மையான வசதிதான். அமேசான் 1998-இல் கொண்டுவந்து, அதன் பொறியாளர்கள் 2003-இல் கட்டுரையாக எழுதிய அந்த முறை, ஆளோடு ஆளை ஒப்பிடாமல் பொருளோடு பொருளை ஒப்பிட்டது. சேலையோடு ஃபால்ஸும் உள்பாவாடையும் தேடாமலே வந்து நிற்பது இதனால்தான்.

சேலையைத் திறந்து பார்க்கும்போதுதான் சிக்கல். மாடல் உடுத்திய படங்கள் நாலைந்து இருக்கும், எல்லாம் முந்தானைதான். கரையைத் தனி ஊடையில் நெய்து உடலோடு கோர்த்த காஞ்சிபுரம் கோர்வைச் சேலையா என்று அறிய, உடலும் கரையும் சேரும் இடத்தை உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு படம் போதும், அதைப் போடுகிற கடைகள் அபூர்வம். தலைப்பில் ‘காஞ்சிபுரம்’, ‘பட்டு’, ‘கல்யாணம்’ என்று தேடல் சொற்களைக் கொட்டிவிட்டு, ‘ஆர்ட் சில்க்’ என்பதைக் கீழே பொடி எழுத்தில் வைப்பார்கள். அது ரேயானோ பாலியெஸ்டரோ; பட்டுப்புழுவுக்கு அதில் வேலையே இல்லை.

முதல் வரிசையில் நிற்பவை பல நேரம் விளம்பரக் காசு கொடுத்து ஏறியவை. கடைக்காரரும் தேங்கிய சரக்கைத்தானே முதலில் விரிப்பார் என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் வந்தவர் முகம் சுளித்ததும் அவர் கை அடுத்த அடுக்குக்குப் போய்விடும். ஆன்லைன் கடைக்கு முகம் தெரியாது, க்ளிக்தான் தெரியும். ‘இப்படியும் ஒரு நிறமா’ என்று திறந்து பார்த்தாலும், விருப்பம் என்று எடுத்துக்கொண்டு அதே மாதிரி இன்னும் பத்தைக் காட்டும்.

எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகிறோம் என்று ஆன்லைன் கடைகள் விளக்கும்படி இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் கேட்கின்றன. 2023 நவம்பர் 30-இல் வந்த அரசு வழிகாட்டுதல்கள், போலி அவசரம் காட்டுவது, கேட்காமலே கூடையில் பொருள் சேர்ப்பது உள்ளிட்ட 13 தந்திரங்களைத் தடுத்தன. எந்தப் படத்தை முன்னால் வைப்பது என்பது மட்டும் ஆன்லைனில் விற்பவர் கையில்தான் இருக்கிறது.

க்ளிக் கணக்கோடு, ‘நிறம் வேறு’ என்று திரும்பி வந்த சேலைகளின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த முடிவு மாறும். மயில்கழுத்து நிறம் பாவில் ஒன்றும் ஊடையில் ஒன்றுமாக இரு வண்ண நூல் கலந்து வருவது. அசைத்தால்தான் நீலத்தில் பச்சை தெரியும். ஸ்டுடியோ விளக்கில் எடுத்த படத்தில் அது வெறும் நீலமாகத்தான் விழும். அதற்குச் சேலையை அசைத்துக் காட்டும் பத்து விநாடி வீடியோ வேண்டும். அசைத்தாலும் நிறம் மாறாத சுங்குடிச் சேலைக்கு ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படமே போதும்.