யவனர் கண்ணேற்றுக் கொள்கை: ஓர் ஆராய்ச்சி

பிறர் கண்பட்டு உடல்நலமும் செல்வமும் குன்றும் என்னுங் கொள்கை, யவன நாடாகிய கிரேக்கத்தில் மிகப் பழமையுடைத்து. முன்னையோர் அதனைப் பஸ்கனியா என வழங்கினர். இக்காலத்துக் கிரேக்கர் வஸ்கனியா என்றும், கண் எனப் பொருள்படும் மாத்தி என்றும் கூறுவர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டுப் புலவராகிய தியோக்கிரித்தர், ஒற்றைக்கண் அரக்கனொருவன் நீரில் தன் வடிவு கண்டு மகிழ்ந்து, கண்ணேறு படாமைப்பொருட்டு மும்முறை தன் மார்பில் உமிழ்ந்தானாகப் பாடினார். இன்றும் அந்நாட்டார் குழந்தையைப் புகழ்ந்தவுடன் மும்முறை உமிழ்வார்போல் ஒலிப்பர். கண் எழுதிய நீல மணியை அணிவிப்பர். அம்மணியைத் 'தன் ஆற்றலைக் காக்குங் கவசம்' எனப் பிறநாட்டாரும் இந்நாளிற் கொண்டாடுகின்றனர். ஆகலின், காக்கப்படுவது யாது, எதனினின்று காக்கப்படுவது என்னும் இரண்டும் ஆராயற்பாலன.

இக்கொள்கைக்குக் காரணங்காட்டப் புகுந்தாருள் முதன்மையாக வைத்தெண்ணத்தக்கவர், கைரோனியா என்னும் ஊரினராகிய புளூட்டார்க்கு. கி.பி. 100-ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த இவர், விருந்தின்கண் நிகழ்ந்த வினாவிடைகளைத் தொகுத்த தம் நூலின் 5-ஆம் பகுதியில் இதனை ஆராய்கின்றார். உயிர்களின் உடலினின்று நுண்பொருள்கள் இடையறாது வெளிப்படுவன. அவை கண்வழியே மிகுதியும் பாய்வன. உள்ளம் அழுக்காற்றாற் கலங்கியவழி அப்பாய்ச்சல் நஞ்சுதோய்ந்த அம்புபோற் பிறரைத் தாக்கும் என்பது அவர் கூற்றின் சாரம். விந்தை வடிவுடைய காப்பணிகள் காண்பான் நோக்கைத் தம்பால் ஈர்த்தலால், அணிந்தானைத் தாக்கும் வலி குறையும் என்பதும் அவர் கருத்து. காரணமின்றிக் கதை கூறாது காரணந்தேடிய அவர் முயற்சி பாராட்டத்தக்கதே.

ஆயினும் அவர் காட்டும் சான்றுகளே அவர் கொள்கையைத் தடுக்கின்றன. யூட்டெலிதாசு என்னும் அழகன் நீரில் தன்னுருவைக் கண்டு தன் கண்ணாலேயே கெட்டான் என்கின்றார். தந்தையர் சிலர்க்கும் இக்கண் உண்டென அஞ்சி, மகளிர் தம் மக்களை அவர்க்கு நெடுநேரம் காட்டார் என்றும் கூறுகின்றார். தன்மாட்டுத் தானும், மகவின்மாட்டுத் தந்தையும் அழுக்காறு கொள்ளுதல் யாங்ஙனம்? பிறர்பாற் பயின்ற அழுக்காறு இயல்பாய் ஊன்றி, விருப்பமின்றியும் தன்னவர்மேற் பாயும் என்பது அவர் விடை. அங்ஙனமாயின், அன்புடைய நோக்கிற்கும் அழுக்காற்று நோக்கிற்கும் பயன் ஒன்றாய்விடும். அழுக்காறே காரணம் என்னும் முதற்கூற்று நிலைபெறாது. தன் மகவைக் கண்ணாரக் காணவொட்டாது ஒரு தந்தையை விலக்கியதே இக்காரணங்காட்டலின் பயனாய் முடிந்தது.

இனி, கண்ணினின்று ஒளி புறப்படும் என்னும் அடிப்படையும் ஆராயத்தக்கது. அதனை அரிஸ்டாட்டிலே மறுத்தனர். 11-ஆம் நூற்றாண்டில் அராபிய அறிஞர் இபின் அல் ஹைதம், பொருளினின்று வரும் ஒளியே கண்ணிற் புகுந்து காட்சி தருமென நிறுவினர். விழியின் உட்படலத்தில் உருவம் படியுமாற்றைக் கெப்ளர் 1604-இல் விளக்கினர். எனவே கண் ஏற்பதன்றி எய்வதன்று. அற்றேல், பாய்வது ஒளியன்று, நுண்ணாற்றல் எனின், அது காட்சியானும் கருத்தானும் பெறப்படாமையின், பழைய கூற்றிற்குப் புதுப்பெயர் இட்டதன்றிப் பிறிதில்லை என்க.

4-ஆம் நூற்றாண்டினரான சிசேரியாப் பேராயர் பசிலியார், அழுக்காறு பற்றிய தம் அறவுரையில், கண் தானே கொல்லும் என்பதைப் பாமரர் கதையென விலக்கினர். ஆயினும் தீய ஆவிகள் அழுக்காறுடையார் கண்ணைக் கருவியாகக் கொள்ளும் என்று வேறொரு வாயிலை அவர் திறந்தமையின், அச்சம் முற்றும் நீங்கிற்றில்லை. எனினும் அழுக்காறு தன்னையுடையானையே முன்னர்க் கெடுக்கும் என அவர் வற்புறுத்தியது உண்மையாம்.

கிரேக்கத் திருச்சபை இன்றும் வஸ்கனியாவை ஒப்பி, அதற்கெனக் குருமார் ஓதும் மன்றாட்டைத் தன் வழிபாட்டு நூலில் வைத்துள்ளது. நீல மணியையும் இல்லத்தார் செய்யும் கழிப்பையும் ஏற்பதில்லை. அக்கழிப்பாவது, நீரில் ஒலிவ நெய்த் துளி விட்டு, அது பரந்து கரைவதுபோல் தோன்றின் கண்ணேறு உண்டெனத் துணிந்து, மறைமொழியை மெல்ல ஓதுதல். அம்மொழியைப் பெண் ஆணுக்கும் ஆண் பெண்ணுக்குமே உரைப்பர். நெய் பரத்தலும் திரளுதலும் நெய்யின் தன்மையானும் நீர்ப்பரப்பின் தூய்மையானும் நிகழ்வன. அயலான் உள்ளத்தை அவை உணர்த்தா. நோயுற்றார் அருகிருந்து அன்பொடு ஓதுதலால் வரும் ஆறுதல் பொய்யன்று. ஆயின் அவ்வாறுதலுக்கு விலையாக, மகப்பேறில்லாதாளும், வறியோனும், புகழ்ந்து பேசிய விருந்தினனும் குற்றவாளியராக எண்ணப்படுதல் முறையோ?

ஆகவே, காக்கப்படவேண்டுவது பிறர் நோக்கினின்று தன் உடலன்று. அழுக்காற்றினின்றும் ஐயத்தினின்றும் தன் உள்ளமே. அதற்கு மணி காவலாகாது. பிறர் ஆக்கங்கண்டு மகிழப் பயின்ற உள்ளமே காவலாம் என்பது துணிபு.