முத்துக் குளிப்போரும் பாரிஸ் அரங்கும்

1863 செப்டெம்பர் 30இல் பாரிஸில் மேடையேறிய பீசேயின் 'முத்துக் குளிப்போர்' இசைநாடகத்தின் களம் இலங்கை. 18 ஆற்றுகைகளுடன் அது நின்றுபோயிற்று. 1875இல் பீசே மறைந்தார். 1886இன் பின்னரே, பிறர் கைபட்டுத் திரிந்த வடிவில், புகழ் எய்திற்று. நாடிரும் சுர்காவும் இணைந்து பாடும் பாடலின் மேன்மை மறுக்கற்பாலதன்று.

ஆயின், முதலில் மெக்சிக்கோவுக்கென எண்ணப்பட்ட கதையே பின்னர் இலங்கைக்கு மாற்றப்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது. எக்கரைக்கும் பொருந்தும் கதையில் எக்கரையின் வாழ்வும் இராது. மூச்சடக்கி மூழ்கிய சுழியோடியின் உழைப்பும், மன்னார்ச் சலாபத்து வருவாயைத் திரட்டிய ஆங்கில ஆட்சியும் அதில் இடம்பெறவில்லை. சரவணையிலோ அரிப்பிலோ இதனை மேடையேற்ற முனைவோர், இசையைப் பேணி, ஓவியத் திரைக்கடலை நீக்கி, உழைப்பின் கடலை அரங்கிற்குக் கொணர்தல் வேண்டும்.