வளவுக்குள் நடந்த மரணமும் கணவனின் மௌனமும்

மனைவியைக் கொன்றதாகத் திருநெல்வேலி அமர்வு நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்தால், அது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இரு நீதிபதிகள் முன் வரும். 2004 ஜூலையில் அந்தக் கிளை திறக்கும் வரை இதற்குச் சென்னைக்குத்தான் போகவேண்டியிருந்தது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருப்பவருக்கு இது முதல் மேல்முறையீடு. சாட்சியங்கள் அனைத்தையும் தொடக்கத்திலிருந்து எடைபோட அங்கே இடமுண்டு. இத்தகைய வழக்குகளில் அரசுத் தரப்பு திரும்பத் திரும்பக் கையில் எடுப்பது உச்ச நீதிமன்றத்தின் 2006 அக்டோபர் தீர்ப்பு ஒன்று: திரிமுக் மாருதி கிர்கன் எதிர் மகாராஷ்டிர அரசு. அந்தத் தீர்ப்பின் முடிவு சரியானது. ஆனால் அதில் உள்ள ஒரு தொடர் தாமிரபரணிக் கரையில் வாழும் ஒரு கணவனைப் பிழையாகச் சிறைக்கு அனுப்பப் போதுமானது என்பது என் கருத்து.

முதலில் அந்த வழக்கைப் பார்ப்போம். நாந்தேட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1996-இல் ஓர் இளம்பெண் புகுந்த வீட்டில் இறந்தார். பாம்பு கடித்து இறந்துவிட்டாள் என்று பிறந்த வீட்டுக்குச் செய்தி போனது. உடற்கூறாய்வோ கழுத்து நெரிக்கப்பட்டதைக் காட்டியது. பணம் கேட்டுத் துன்புறுத்திய சாட்சியமும் இருந்தது. உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. நீதிபதி ஜி.பி. மாத்தூர் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: வீட்டின் மறைவில் நடக்கும் குற்றத்துக்கு நேரடிச் சாட்சி கிடைப்பது அரிது, ஆகவே அரசுத் தரப்பின் சுமை சற்றே இலகுவாகிறது, வீட்டில் இருந்தவர்கள் வாயைத் திறக்காமல் தப்பிவிட முடியாது. இதற்குச் சட்ட அடிப்படை இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு. ஒருவருக்கு மட்டுமே சிறப்பாகத் தெரிந்த விஷயத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது என்று அது சொல்கிறது. 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் அது 109-ஆம் பிரிவு.

கவனிக்க வேண்டியது, அந்தக் கணவனைச் சிறையில் வைத்தது மௌனமல்ல. பாம்பு என்று சொன்ன பொய்யும் கழுத்தில் இருந்த காயமும் சேர்ந்துதான் அவனைக் காட்டிக்கொடுத்தன. இவ்வளவு வலுவான வழக்கில் அரசுத் தரப்பின் சுமையைக் குறைத்துப் பேசவே தேவையில்லை. ஆனாலும் தீர்ப்பு அதைப் பேசியது. கூடவே, குற்றத்துக்குச் சற்று முன் இருவரும் ஒன்றாகக் காணப்பட்டிருந்தாலோ, கணவன் வழக்கமாக வசிக்கும் வீட்டில் குற்றம் நடந்திருந்தாலோ, அவன் விளக்கம் தராதது வலுவான சூழ்நிலைச் சாட்சி என்றும் சொன்னது. நான் சுட்டும் தொடர் அந்த 'வழக்கமாக வசிக்கும் வீடு' என்பதுதான். ஒருவன் வசிக்கும் வீடு வேறு. அந்த இரவில், அந்த மணியில் அவன் இருந்த இடம் வேறு.

நெல்லைச் சீமையில் இந்த வேறுபாடு சிறியதல்ல. வயலுக்கு முறைத்தண்ணீர் பாய்ச்ச ராத்திரியில் போகிறவர்கள் இருக்கிறார்கள். வாழைத்தார் லோடு ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். கொடை விழா நாளில் கோயில் முன்னாலேயே படுத்துவிடுகிறவர்களும் உண்டு. மறுபக்கம், இங்கே வீட்டின் நான்கு சுவர் அவ்வளவு மறைவானதும் அல்ல. ஒரே வாசலுக்குள் பல குடும்பங்கள் சுவரைப் பகிர்ந்து வாழும் வளவுகள், திண்ணையில் கூடி உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்கள், நடுச்சாமத்துச் சத்தத்துக்கு விளக்கைப் போடும் பக்கத்து வீடு என்று பார்க்கவும் கேட்கவும் ஆள் உண்டு. அவன் எப்போது வந்தான், சண்டை நடந்ததா, யார் கதவைத் திறந்தார்கள் என்பதெல்லாம் கணவனுக்கு மட்டும் தெரிந்த விஷயங்களாக இருப்பதில்லை. புலனாய்வு அதிகாரி கேட்டுப் பதிவு செய்யக்கூடியவை அவை. சாட்சிகள் பின்னால் பிறழ்ந்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் கேட்காமலே விட்டதற்கு 106-ஆம் பிரிவு ஈடாகாது.

அதே 2006-இல், பிப்ரவரியில், தமிழ்நாட்டிலிருந்து போன பி. மணி வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. மனைவி தீக்காயத்தில் இறந்திருந்தார். கணவனைக் குற்றம் சாட்டும் மரண வாக்குமூலம் இருந்தது. உயர் நீதிமன்றம் 106-ஆம் பிரிவையும் துணைக்கு எடுத்துத் தண்டனையை நிலைநிறுத்தியிருந்தது. ஆனால் அரசுத் தரப்பே கொண்டுவந்த சாட்சியம் வேறொரு காட்சியைச் சொன்னது. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை வெளியே போகச் சொல்லிவிட்டு, அம்மா அறையை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டார். புகை வந்த பிறகு கதவை உடைத்துத்தான் உள்ளே போக முடிந்தது. மன அழுத்தத்தால் அவர் முன்பே தற்கொலைக்கு முயன்றிருந்ததாகவும் சாட்சியம் இருந்தது. கணவனும் மனைவியும் ஒரே அறையில் கடைசியாகக் காணப்பட்ட வழக்கு இது இல்லை, ஆகவே 106-க்கு இங்கே வேலையே இல்லை என்று சொல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. சில வாக்கியங்களில் முடிந்த அந்தப் பரிசீலனையை, கிர்கன் தீர்ப்பின் நீண்ட பத்திகளைவிட மேலான வழிகாட்டியாக நான் மதிக்கிறேன். அது வீட்டைக் கேட்கவில்லை. அறையைக் கேட்டது, தாழ்ப்பாளைக் கேட்டது.

இந்த எச்சரிக்கை பழையது. 1933-இல் கொழும்பில் குளோரோஃபார்மால் இறந்த மனைவியைக் கொன்றதாக ஸ்டீபன் செனவிரத்னவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஜூரி முடிவை எதிர்த்து முறையிட இலங்கையில் அன்று குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றமே இல்லை. 1936-இல் லண்டன் பிரிவி கவுன்சில்தான் அவரை விடுவித்தது. அந்தத் தீர்ப்பைத் துணைக்கொண்டு 1956-இல் ஷம்புநாத் மெஹ்ரா வழக்கில் நீதிபதி விவியன் போஸ் எழுதியது இன்றும் மறுக்க முடியாதது. கொலை செய்தோமா இல்லையா என்பது குற்றம்சாட்டப்பட்டவரைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? 106-ஐ அப்படி விரித்தால் ஒவ்வொரு கொலை வழக்கிலும் அவரே தன் குற்றமின்மையை நிரூபிக்க வேண்டிவரும். சயனைடால் இறந்த ஓர் இளம் மனைவி பற்றிய 1984-ஆம் ஆண்டு சாரதா வழக்கில், உயர் நீதிமன்றம் உறுதிசெய்த மரண தண்டனையையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அரசுத் தரப்பின் சங்கிலியில் விட்டுப்போன கண்ணியைப் பொய்யான எதிர்வாதம் நிரப்பாது என்றது. அந்த அமர்வில் தமிழ்நாட்டு நீதிபதி ஏ. வரதராஜனும் இருந்தார்.

எதிர்வாதம் கனமானது, அதை ஒதுக்கிவிட முடியாது. வீட்டுக்குள் செத்துப்போகிற பெண்ணுக்காகப் பேச யாரும் இல்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வரும்போதே பேச்சு நின்றுபோயிருந்தால், கணவன் வீட்டார் சொல்வதுதான் கதை. சந்தேகத்தின் பலனை எப்போதும் அவனுக்கே கொடுத்தால், கதவைச் சாத்திவிட்டுக் கொல்கிறவன் தப்புவான். இந்தக் கவலையில்தான் கிர்கன் தீர்ப்பு பிறந்தது, அந்தக் கவலையை நானும் பகிர்கிறேன். ஆனால் நாடாளுமன்றம் இதே கவலைக்கு 1986-இல் விடை தந்திருக்கிறது. வரதட்சணை மரணத்தில் சுமையைக் கணவன் பக்கம் மாற்றியபோது அது எல்லைகளையும் போட்டது: திருமணமாகி ஏழு ஆண்டுக்குள், வரதட்சணைக்காக, சாவதற்குச் சற்று முன் கொடுமை நடந்திருக்க வேண்டும். சுமையை மாற்ற நினைத்த நாடாளுமன்றமே இவ்வளவு வேலி போட்டிருக்க, ஆயுள் தண்டனையோ தூக்கோ காத்திருக்கும் கொலைக் குற்றச்சாட்டில் வேலியே இல்லாமல் அதைச் செய்ய நீதிமன்றத்துக்கு என்ன நியாயம் இருக்கிறது?

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. கணவனின் 'விளக்கம்' நீதிமன்றப் பதிவில் ஏறுவது பெரும்பாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313-ஆம் பிரிவின் கீழ், இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 351-ஆம் பிரிவின் கீழ், நீதிபதி கேட்கும் கேள்விகளுக்கான பதிலில்தான். சாட்சிகள் சொன்னதை வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 'பொய்' என்ற ஒற்றைச் சொல்லை எழுதி முடிக்கும் வழக்கம் நமக்குப் பழகியது. எல்லாவற்றையும் மறுத்துவிடு என்பது வக்கீலின் பாதுகாப்பான ஆலோசனை. 'அன்று இரவு நீ வீட்டில் இருந்தாயா, எத்தனை மணிக்கு வந்தாய், அவள் எப்படி இறந்தாள்' என்று தனியாக, தெளிவாகக் கேட்கப்படாதவனின் மௌனத்தைத் தீர்ப்பில் மட்டும் உரக்கப் பேசவைப்பது முறையல்ல. கேட்கப்படாத சூழ்நிலையை எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று சாரதா வழக்கே சொல்லிவிட்டது.

ஆக, என் முடிவு கணவனுக்குச் சாதகமான சலுகை அல்ல. மரணம் கொலைதான் என்பதை மருத்துவச் சாட்சியம் நிறுவ வேண்டும். அந்த நேரத்தில் அவன் அங்கே இருந்ததை, வேறு யாருக்கும் அங்கே வழி இல்லாததை அரசுத் தரப்பு காட்ட வேண்டும். இவை நின்ற பிறகு, நேராகக் கேட்டும் அவன் பேசாவிட்டாலோ, பாம்பு என்று பொய் சொன்னாலோ, தண்டனையை உறுதிசெய்யத் தயங்க வேண்டியதில்லை. இவை நிற்காதபோது மௌனம் வெறும் மௌனம். 2021-இல் நாகேந்திர சா வழக்கில், கழுத்தில் ஏற்பட்ட அழுத்தத்தால் மனைவி இறந்திருந்தும், வீட்டில் மற்ற உறவினர்களும் இருந்தார்கள், சங்கிலி முழுமையாகவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் கணவனை விடுவித்தது இந்த வழியில்தான். மதுரைக் கிளையில் இத்தகைய மேல்முறையீட்டைக் கேட்கும் அமர்வு, முன்தீர்ப்புகளின் பட்டியலுக்குப் போகும் முன் பார்வை மகஜரையும் வீட்டின் மாதிரி வரைபடத்தையும் விரித்துவைக்கலாம்: அந்த வளவுக்கு எத்தனை வாசல், எந்தக் கதவு எந்தப் பக்கம் தாழிடப்பட்டிருந்தது, சுவருக்கு அப்பால் படுத்திருந்தவர்களை யாராவது விசாரித்தார்களா என்று.