உடைந்த கலமும் அறுந்த இணைப்பும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் துறைமுக ஆணையொன்றைத் தாங்கி நிற்கிறது. மேற்பகுதி சிதைந்துபோன அந்தச் சாசனத்தைப் படித்து, 1963ஆம் ஆண்டு கா. இந்திரபாலா ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், பிறநாட்டார் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்பட வேண்டும் என்று பணித்த பின்னர், கலம் உடைந்தால் நடக்க வேண்டியதை அது வகுக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும். வணிகச் சரக்கு ஏற்றிய கலம் கெட்டால் சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் சேரும்.

இந்த வாசகத்தில் ரசிக்கத்தக்கது அதன் பிரிப்பு முறையாகும். கலம் உடையக் காரணம் புயலா, பாரில் ஏறியதா, மாலுமியின் பிழையா என்ற வேறுபாடு எதையும் அது பொருட்படுத்தவில்லை; ஏனெனில் காரணம் எதுவாயினும் பங்கு மாறுவதில்லை. ஏற்றிவந்த சரக்கைக் கொண்டு மட்டுமே அது பிரித்தது. ஏனெனில் பங்கை மாற்றுவது அது ஒன்றே. செய்கையில் வேறுபாடு விளைவிக்காத பிரிவை விலக்கி, விளைவிக்கும் பிரிவை மட்டும் வைத்துக்கொள்ளும் இந்தச் சிக்கனம், எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் முற்றிலும் வேறான ஒரு தொழிலில், முகில் கணிமையின் இடையூறுகளை நிரலில் பொருள்களாக வடிக்கும் கலையில், கைதேர்ந்தவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் பண்பாக விளங்குகிறது.

முகில் கணிமை என்பது மென்பொருளை நிறுவனத்தின் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளாமல், வலையமைப்பின் வழியே வாடகைக்குக் கிடைக்கும் தொலைதூரச் சேவையகங்களில் இயக்கும் முறையாகும். அவ்வாறு இயங்கும் சேவையொன்று நூற்றுக்கணக்கான சிறு நிரல்களாகப் பிரிந்து பல இயந்திரங்களில் ஓடுவதால், நினைவகம் தீர்ந்துபோதல், இணைப்பு அறுதல், மறுமுனை பதில் தராதிருத்தல் போன்றவை அன்றாட நிகழ்ச்சிகளாகின்றன. இவற்றைப் பதிவேட்டில் வரிவரியாக எழுதிவிட்டு, பின்னர் மனிதர் ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளட்டும் என்று விடுவது பழைய வழக்கம். ஒவ்வோர் இடையூறையும் வகையும் பண்புகளும் உடைய ஒரு பொருளாக வடித்தல் அதனினும் மேலானது. பொருள் என்பது இங்கே, தொடர்புடைய தரவுகளையும் அவற்றின்மீது செய்யத்தக்கவற்றையும் ஒன்றாகக் கட்டிய அலகைக் குறிக்கும். ஒஸ்லோவில் ஒலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியே இக்கருத்துக்கு முதன்முதலில் முழு வடிவம் தந்தது. பொருளாக வடிக்கப்பட்ட இடையூறை நிரலே வகையறிந்து கையாளும். வெறும் வரியாக எழுதப்பட்டதையோ யாராவது படித்தால்தான் உண்டு.

இக்கலையின் சிறந்த மாதிரிகளுள் ஒன்று இலங்கையிலேயே பிறந்தது என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. 2005இல் தொடங்கப்பட்டுக் கொழும்பில் வேரூன்றிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், சஞ்சீவ வீரவரண, ஜேம்ஸ் கிளார்க் முதலானோரின் வடிவமைப்பில் பாலரினா என்ற நிரல்மொழியை 2017இல் வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தி, 2019இல் அதன் முதல் முழுப் பதிப்பையும் 2022இல் ஸ்வான் லேக் என்ற திருத்திய பதிப்பையும் வெளியிட்டது. வலையமைப்பின் வழியே பேசுவதையே நிரலின் இயல்பான தொழிலாகக் கருதும் மொழி அது. ஆகவே அப்பேச்சு முறிவதையும் இயல்பான ஒன்றாகவே அது ஏற்றுக்கொள்கிறது.

பல மொழிகளில் பிழை என்பது நிரலின் ஓட்டத்தைத் திடீரென வெட்டி, எங்கோ மேலே உள்ள ஓரிடத்துக்குத் தாவுகின்ற நிகழ்ச்சியாகும். பாலரினாவில் அது எண்ணைப் போலவும் எழுத்துச் சரத்தைப் போலவும் கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்கக்கூடிய ஒரு மதிப்பு. தோல்வியடையக்கூடிய செயற்கூறு ஒவ்வொன்றும், தான் தருவது விடையாகவோ பிழையாகவோ இருக்கும் என்பதை முகப்பிலேயே அறிவித்துவிடும். அழைப்பவர் அந்தப் பிழையைத் தாமே கையாள வேண்டும், அல்லது செக் என்ற சொல்லை முன்னிட்டு மேலே அனுப்ப வேண்டும். 2009இல் வெளியான கோ மொழியிலும் பிழை ஒரு மதிப்பே. எனினும் அங்கே ஓர் அடிக்கோட்டைப் போட்டு அதனைச் சத்தமில்லாமல் எறிந்துவிடலாம். பாலரினாவின் தொகுப்பான் அவ்வாறு எறிய விடுவதில்லை. இந்தக் கண்டிப்பு தொடக்கத்தில் எரிச்சலூட்டினாலும், நள்ளிரவில் சேவை நின்றபின் காரணம் தேடுபவருக்கு அதன் அருமை விளங்கும்.

பிழைப் பொருளின் உள்ளமைப்பைச் சற்று அருகிலிருந்து நோக்குதல் தகும். அதற்கு மூன்று உறுப்புகள் உண்டு: மனிதர் படிப்பதற்கான செய்தி, நிரல் படிப்பதற்கான விவரத் தொகுதி, இந்தப் பிழைக்குக் காரணமாக அமைந்த முந்தைய பிழை. ஊர்காவற்றுறைக் கடையொன்றில் வாடிக்கையாளர் கைத்தொலைபேசியால் பணம் செலுத்த முயன்று தோல்வியுற்றார் என்று கொள்ளலாம். மேலேயுள்ள பொருள் கொடுப்பனவு நிறைவேறவில்லை என்கிறது. அதன் காரணமாக உள்ளே பொதிந்திருப்பது வங்கிச் சேவை பதிலளிக்கவில்லை என்கிறது. அதற்கும் உள்ளே இருப்பது குறித்த நேரத்துக்குள் இணைப்பில் எதுவும் வரவில்லை என்கிறது. கடைக்காரருக்கு முதலாவது போதும், பொறியியலாளருக்கு மூன்றாவது வேண்டும். மேலதைச் சொல்வதற்காகக் கீழதை அழிக்கவேண்டிய தேவை இல்லை. இதனுடன் டிஸ்டிங்ட் என்ற சொல்லும் சேர்ந்துகொள்கிறது. உறுப்புகள் முழுவதும் ஒத்திருக்கும் இரு பிழைகளையும் அது வெவ்வேறு வகைகளாக நிறுத்துவதால், மீண்டும் முயலத்தக்கது எது, முயலத்தகாதது எது என்பதை வகையே சொல்லிவிடும். யானைக் கலத்தையும் சரக்குக் கலத்தையும் பிரித்த சாசனத்தில் தொழிற்பட்டதும் இந்த அறிவே.

எல்லா வகைப்பாடுகளும் இவ்வளவு செம்மையாக அமைவதில்லை. கூகுள் 2014இல் வெளியிட்ட குபர்நெட்டிஸ், கொள்கலன்களில் அடைத்த நிரல்களைப் பல இயந்திரங்களில் பகிர்ந்து இயக்கும் மென்பொருளாகும். அதில் மிகுதியாகக் காணப்படும் கிராஷ்லூப்பேக்ஆஃப் என்ற நிலைப்பெயர், மீண்டும் மீண்டும் விழும் நிரலை எழுப்புவதற்குமுன் அமைப்பு 10 வினாடி, 20 வினாடி, 40 வினாடி எனப் பெருக்கி ஐந்து நிமிடம் வரை காத்திருப்பதைக் குறிக்கிறது. வைத்தியர் காத்திருக்கிறார் என்பதை அது சொல்லும். நோயாளிக்கு என்ன என்பதைச் சொல்லாது. நினைவகம் தீர்ந்ததால் கொல்லப்பட்டது என்று நேரே கூறும் ஓஓஎம்கில்ட் அதனைவிடப் பல மடங்கு நேர்மையான பெயர்.

ஆனால் அதே குபர்நெட்டிஸ் மற்றோரிடத்தில் பெரும் நுட்பம் காட்டுகிறது. ஓர் இயந்திரம் ஆயத்தமாக இருக்கிறதா என்ற வினாவுக்கு அது ஆம், இல்லை என்ற இரு விடைகளுடன் நின்றுவிடாமல், தெரியவில்லை என்ற மூன்றாவது விடையையும் முறையான மதிப்பாக வைத்திருக்கிறது. நயினாதீவு போன்ற யாழ்ப்பாணத் தீவுகளில் வாழும் தீவகத்தார்க்கு இதன் பெறுமதி எளிதில் விளங்கும். நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவு ஆகிய மூன்றிலும் காற்று, சூரியன், மின்கலம், டீசல் ஆகியவற்றை இணைத்து மின்சாரம் தரும் கலப்பு நிலையங்களை அமைக்க, 1.1 கோடி அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அத்தகைய நிலையமொன்றைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் நிரல் எழுதப்படுமாயின், நெடுந்தீவிலிருந்து செய்தி வராததை மின்பிறப்பாக்கி நின்றுவிட்டது என்று பதிவது பெரும் பிழையாகும். நின்றிருந்தால் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து தொழில்நுட்பவியலாளர் ஒருவரைப் படகேற்ற வேண்டும். தெரியாதிருந்தால் முதலில் தொடர்புக் கோபுரத்தைச் சோதிக்க வேண்டும். செய்கை வேறாதலின் வகையும் வேறாக வேண்டும். கடைசியாகச் செய்தி கிடைத்த நேரமும் அப்பொருளின் பண்பாக அமைய வேண்டும்.

தெரியாமை என்ற நிலைக்கு உரிய செய்கையை வகுப்பதிலும் குபர்நெட்டிஸ் ஒரே விதியை எல்லாவற்றுக்கும் பூசிவிடவில்லை. தொடர்பற்றுப்போன இயந்திரத்தில் ஓடிய சாதாரண நிரல்களுக்கு, வழமையான அமைப்பில் ஐந்து நிமிடம் பொறுத்து, வேறிடத்தில் மாற்றுப் பிரதி எழுப்பப்படுகிறது. இரண்டு பிரதிகள் சிறிது நேரம் சேர்ந்து ஓடினாலும் தீங்கில்லை. தரவைத் தன்வசம் வைத்திருக்கும் ஸ்டேட்ஃபுல்செட் வகை நிரல்களுக்கோ, பழையது உண்மையிலேயே அகற்றப்பட்டது என்று உறுதியாகும் வரை புதியது எழுப்பப்படுவதில்லை. இணைப்பு மட்டும் அறுந்து பழையது உயிரோடிருந்தால், இரண்டும் ஒரே தரவில் எழுதி அதனைக் கெடுத்துவிடும். சேவை சற்று நேரம் நிற்பதை ஏற்று, தரவு கெடுவதை மறுக்கும் தீர்ப்பு அது. அத்தீர்ப்பு அவசர வேளையில் யாரோ ஒருவர் எடுப்பதற்கு விடப்படாமல், வகையின் வரையறையிலேயே முன்கூட்டி எழுதப்பட்டிருக்கிறது.