உவம உருபு இல்லாத சுவரொட்டி

உயர்தர வகுப்பில் அணியிலக்கணம் படிப்பிக்கிற எனக்கு, 2009இல் சுவிற்சர்லாந்தின் தெருக்களில் ஒட்டப்பட்ட ஒரு சுவரொட்டியை வெறும் பிரசாரம் என்று தள்ளிவிட ஏலாமல் இருக்கிறது. சிவப்புச் சுவிஸ் கொடி. அதைத் துளைத்துக்கொண்டு ஏவுகணை போலக் கரிய மினாராக்கள். முன்னால், கண் மட்டும் தெரியக் கறுப்பால் மூடிய ஒரு பெண். பள்ளிவாசல்களுக்கு மினாரா கட்டுவதைத் தடைசெய்யக் கோரிய சர்வசன வாக்கெடுப்புக்காக அச்சிட்டது.

'ஏவுகணை போல' என்றது நான். சுவரொட்டி அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், எந்த வகையில் போல என்று ஒருவர் திருப்பிக் கேட்டிருப்பார். தொல்காப்பியர் உவமை பிறக்கும் இடங்களாக வினை, பயன், மெய், உரு என நான்கைக் காட்டுகிறார். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். மினாராவுக்கும் ஏவுகணைக்கும் வடிவில் ஏதோ ஒற்றுமை உண்டு, சரி. நிறம் வரைந்தவர் பூசியது. ஆனால் பார்த்தவர் மனதில் ஏற்றப்படுவது வினை: பாயும், வெடிக்கும், கொல்லும். உருபை உருவிவிட்டால் இந்தக் களவு கண்ணுக்குத் தெரியாது.

அப்போது நாடு முழுவதும் இருந்த மினாராக்கள் நாலே நாலு. பிரச்சினையைக் கிளப்பிய வாங்கன் ஊர் மினாரா ஆறு மீற்றர் அளவு உயரம். துருக்கியர் சங்கமொன்றின் கூரையில் நிற்கிறது. எதிலிருந்தும் வெளியே பாங்கு ஒலிப்பதில்லை. அரசாங்கமும் பாராளுமன்றமும் கத்தோலிக்க ஆயர்களும் யூத அமைப்புகளும் தடை வேண்டாம் என்றே சொன்னார்கள். பாசல், லோசான் நகரங்கள் சுவரொட்டியை அனுமதிக்கவில்லை. கருத்துக்கணிப்புகள் தடை தோற்கும் என்றன. நவம்பர் 29இல் 57.5 வீதமானோர் தடைக்கு ஆம் என்றார்கள். பால்கனிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்து குடியேறிய முஸ்லிம்களில் பெரும்பாலானோருக்குப் பிரசாவுரிமை இல்லை. ஆகவே வாக்கும் இல்லை.

மினாரா மார்க்கத்தில் கடமையில்லைதானே, என்னத்துக்கு இவ்வளவு கவலை என்று கேட்கிற நம்மாக்கள் உண்டு. கடமையில்லைதான். தேவாலயத்துக்கு மணிக்கூண்டும் கடமையில்லை. ஒரே ஒரு சமயத்தின் கட்டட உறுப்பைப் பெயர் சொல்லி அரசியலமைப்பின் 72ஆம் உறுப்புரையில் தடுத்தார்கள், விசயம் அதுதான். பேர்ண் நகரின் சமயங்களின் இல்லத்தில் நம் நாட்டுத் தமிழரின் சைவக் கோயிலும் ஒரு பள்ளிவாசலும் 2014 முதல் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கோபுரத்தைத் தடுக்கும் வசனம் எதுவும் அந்த அரசியலமைப்பில் இல்லை.

மினாராவின் கதை முடிந்தது. படத்தில் எஞ்சியவள் அந்தப் பெண். முகம் மூடுவதைத் தடைசெய்யும் யோசனையையும் அதே எகர்கிங்கன் குழுதான் கொண்டுவந்தது. முகம் மூடுவோர் சில பத்துப்பேர்தான் என்று ஆய்வாளர்கள் கணித்திருந்தார்கள். இம்முறைச் சுவரொட்டியில் கறுப்புத் துணிக்குள் முறைக்கும் கண்கள், பக்கத்தில் தீவிரவாதத்தை நிறுத்தச் சொல்லும் வாசகம். 2021 மார்ச் 7இல் 51.2 வீதமானோர் அதற்கும் ஆம் என்றார்கள்.