'ராஜி' விளையாட்டின் தொடக்க நிலைகளில் புராணமும் நினைவும்

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி 2020-இல் வெளிவந்த 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' என்னும் கணினி விளையாட்டு, அசுரர் கவர்ந்துசென்ற தம்பி கோலுவைத் தமக்கை ராஜி தேடிச் செல்வதைக் கதையாகக் கொண்டது. அதன் தொடக்க நிலைகளில் புராணக் கதைகள் சுவரோவியங்களாக அமைகின்றன. ஆடுபவர் அவற்றின்முன் நின்று கதைக்குரலைக் கேட்கிறார். தம்பியின் நினைவுகளையோ, கலைந்த வட்டச் சித்திரங்களைத் தாமே சுழற்றிப் பொருத்தி மீட்கிறார். முன்னதில் செவிக்கே வேலை. பின்னதில் கையும் இணைகிறது.

இவ்வேறுபாட்டின் பொருளைத் திருவண்ணாமலைக் கிரிவலம் தெளிவாக்கும். அடி அண்ணாமலை வழியாகச் செல்லும் ஏறத்தாழ 14 கி.மீ. பாதையில் எட்டு லிங்கங்களையும் அடியவர் நடந்தே அடைகின்றனர். தலபுராணம் அங்கு உடலின் உழைப்போடு கலக்கிறது. 'ராஜி'யில் அக்கலப்பு தம்பியின் நினைவுக்கே வாய்த்துள்ளது. எனவே புராணம் காட்சியாக நின்றுவிட, உடன்பிறப்புப் பாசமே ஆட்டத்தின் உயிராகிறது எனலாம்.